தலையில் நீர் கோத்தால்



விடியற்காலையில் பெரட்டுக்குப் புறப்படும் நேரத்தில் சிலருக்குத் தலையைத் தூக்கவே முடிவதில்லை. நெற்றியில் கல்லைக் கட்டி வைத்தாற்போல் ஒரு பாரம். குனிந்தால் கண்ணுக்குக் கீழிருந்து கன்னம் வரைக்கும் விண்விண்ணென்று தெறிக்கிறது. மூக்கு ஒரு பக்கம் அடைத்திருக்கிறது, மறுபக்கம் ஒழுகுகிறது. சோறு ருசிப்பதில்லை, கறி மணப்பதில்லை. "தலையில் நீர் கோத்துக்கொண்டது" என்று நம் பாட்டிமார் சொன்னது இதைத்தான். சித்த வைத்தியர்கள் பீனிசம் என்றும் நீர்க்கோவை என்றும் சொல்வார்கள். இப்போது தோட்டத்திலும் பட்டணத்திலும் எல்லாரும் "எனக்குச் சைனஸ்" என்கிறோம்.

உண்மையில் சைனஸ் என்பது நோயின் பெயரன்று. நம் எல்லாருடைய முகத்திலும் இருக்கின்ற ஓர் உறுப்பின் பெயர் அது. முகத்து எலும்பு முழுக் கட்டியாக இல்லை. உள்ளே காற்று நிரம்பிய அறைகள் நான்கு ஜோடி இருக்கின்றன. ஒரு ஜோடி புருவத்துக்கு மேலே நெற்றியில். ஒரு ஜோடி கன்ன எலும்புக்குள். இன்னொன்று மூக்குக்கும் கண்ணுக்கும் நடுவே தேன்கூடு போலச் சின்னச் சின்ன அறைகளாக. கடைசி ஜோடி அதற்கும் பின்னால், மண்டையின் நடுவே. ஒவ்வோர் அறையிலிருந்தும் மூக்குக்குள் ஒரு சிறு துவாரம் திறக்கிறது. அறையின் உட்சுவரில் மெல்லிய சவ்வு உண்டு. அதில் சளி ஊறிக்கொண்டே இருக்கும். கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள், காற்றில் நெற்கதிர் அசைவதுபோல் அசைந்து, அந்தச் சளியைத் துவாரத்தை நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். மூச்சோடு வந்த தூசியும் கிருமியும் அந்தச் சளியில் ஒட்டிக்கொண்டு வெளியேறுகின்றன. நாம் அதை அறியாமலே விழுங்கிவிடுகிறோம். உடம்பு நலமாக இருக்கும்போது இவ்வளவும் ஓசையின்றி நடக்கிறது.

கன்னத்து அறைக்கு மட்டும் ஒரு விசித்திரம் உண்டு. அதன் துவாரம் அடியில் இல்லை. குடத்தின் வாய்போல மேலே இருக்கிறது. ஆகவே நாம் நிற்கும்போதும் உட்காரும்போதும் அந்த அறையின் சளி தானாக வழிந்து இறங்க முடியாது. நுண்மயிர்கள் அதை மேல்நோக்கித் தள்ளியாக வேண்டும். சளி பிடித்துச் சவ்வு வீங்கிவிட்டால் துவாரம் அடைபடுகிறது, நுண்மயிர்களும் சோர்ந்து போகின்றன. தள்ளுவார் இல்லாமல் சளி உள்ளேயே தங்குகிறது. அதுதான் பாரம், அதுதான் குனிந்தால் தெறிக்கும் வலி. மேல் கடைவாய்ப் பற்களின் வேர் இந்த அறையின் தரையை ஒட்டியிருப்பதால், சிலருக்கு இது பல்வலிபோலவே தோன்றும். மாறாக, சொத்தைப் பல்லின் சீழ் மேலே ஏறி இந்த அறையைக் கெடுப்பதும் உண்டு. ஒரே பக்கத்து மூக்கிலிருந்து நாற்றமடிக்கும் சளி நாள்கணக்கில் வந்தால், பெரியவர்கள் பல்லையும் காட்ட வேண்டும். சின்னப் பிள்ளைக்கு அப்படி வந்தால் மூக்குக்குள் பட்டாணியோ பாசிமணியோ இருக்கிறதா என்று டாக்டர் பார்க்க வேண்டும்.

பெரும்பாலும் இந்த அடைப்புக்குக் காரணம் சாதாரணச் சளிக்காய்ச்சல் வைரஸ்தான். ஒரு வாரம், பத்து நாள்களில் அதுவாகவே வடிந்துவிடும். சளிபிடித்த நூறு பேரில் இரண்டு பேருக்குக்கூடப் பாக்டீரியா என்னும் கிருமியால் சைனஸ் பழுத்துப்போவதில்லை. சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால் உடனே ஆன்டிபயாட்டிக் மாத்திரை வேண்டும் என்று நம்மவர்கள் கேட்டு வாங்குகிறார்கள். நிறத்தை வைத்து அப்படி முடிவு கட்ட முடியாது. வைரஸ் சளியும் நாலாம் நாள், ஐந்தாம் நாள் நிறம் மாறத்தான் செய்யும். முன்பு வாங்கி மிச்சம் வைத்த மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொள்வது இன்னும் கெடுதல்.

தலைக்குக் குளித்த ஈரத்தில் நீர் இறங்கிவிட்டது என்று சொல்வதும் வழக்கம். தலைமயிரில் உள்ள ஈரம் மண்டைக்குள் இறங்க வழியில்லை. அதற்காகப் பாட்டி சொல்லைத் தள்ளிவிடவும் வேண்டாம். வீட்டு வைத்தியத்தில் பாட்டிமார் கண்டு வைத்த சில காரியங்களை இன்றைய டாக்டர்களும் ஒப்புக்கொள்கிறார்கள். சிலவற்றை ஒப்புக்கொள்ளவில்லை. சிலவற்றைக் கண்டு அஞ்சுகிறார்கள். மூன்றையும் பிரித்துப் பார்ப்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் வேது பிடிப்பது. சட்டியில் நீரைக் கொதிக்க வைத்து, நொச்சி இலையோ யூக்கலிப்டஸ் இலையோ மஞ்சளோ போட்டு, துணியால் தலையை மூடி ஆவி பிடிப்பதை நாம் எல்லாரும் செய்திருக்கிறோம். நொச்சி கிடைக்கவில்லையே என்று கவலைப்படுபவர்களுக்கு ஒன்று சொல்வோம். மலாய்க்காரர்கள் லெமுனி என்று சொல்லும் செடி நொச்சியின் நெருங்கிய இனம். பினாங்கிலும் கெடாவிலும் நாசி லெமுனி என்று சோற்றில் கலந்து சமைக்கிறார்களே, அந்த இலைதான். பக்கத்துக் கம்பத்தில் கேட்டால் ஒரு கொத்து பறித்துக் கொடுப்பார்கள்.

வேதுவால் என்ன பயன்? ஆவியின் சூடும் ஈரமும் கெட்டிச் சளியை இளக்கும் என்பது கணக்கு. சற்று நேரம் இதமாக இருக்கிறது என்பதை யாரும் மறுக்கவில்லை. 2016-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில், அடிக்கடி சைனஸ் தொல்லைப்படும் 871 பேரைக் கொண்டு செய்த ஆராய்ச்சியின் முடிவு வெளியாயிற்று. ஆவி பிடித்தவர்களுக்குத் தலைவலி ஓரளவு குறைந்தது. மற்றத் தொல்லைகள் அவ்வளவாகக் குறையவில்லை. உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவியவர்களுக்கு நன்மை சற்று அதிகமாகவே இருந்தது. ஆக, வேது ஆறுதல் தரும் காரியம்; நோயை வேரறுக்கும் மருந்தன்று.

ஆனால் அதன் ஆபத்து பெரிது. நிபோங் தெபால் பக்கத்துத் தோட்ட வீடு ஒன்றில் ஆறு வயதுப் பையனை நாம் பார்த்தோம். பாட்டி அவனை மடியில் இருத்தி, போர்வையால் இருவரையும் மூடி, கொதிக்கக் கொதிக்கச் சட்டியை முன்னால் வைத்திருக்கிறார். மூச்சு முட்டிய பிள்ளை காலை உதைத்தான். சட்டி கவிழ்ந்தது. இரண்டு தொடைகளும் வெந்து, பல வாரம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தான். பாட்டி பேரன்மேல் வைத்திருந்த பாசத்துக்குக் குறைவே இல்லை. அந்த அம்மாள் அதற்குப்பின் சரியாகச் சாப்பிடவில்லை என்று வீட்டார் சொன்னார்கள்.

இது இங்கே மட்டும் நடப்பதன்று. கோவிட் பரவிய 2020-இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் குழந்தைகள் மருத்துவமனைக்கு, ஆவி பிடிக்கப்போய் வெந்துபோன பிள்ளைகள் வழக்கத்தைவிடப் பல மடங்கு வந்து சேர்ந்ததாக அங்குள்ள டாக்டர்கள் எழுதினார்கள். 2021 மே மாதத்தில் தமிழ்நாட்டில் பொது இடங்களில் குக்கரை வைத்துக் குழாய் வழியே ஊர் மக்களுக்கெல்லாம் ஆவி பிடிக்க வசதி செய்தபோது, சுகாதார அமைச்சர் மா. சுப்பிரமணியன் அதை நிறுத்தும்படி கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. நோயாளிகள் கூடி நின்று வாயைத் திறந்து மூச்சு விட்டால், நோய் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவத்தானே செய்யும்?

ஆகவே வேது பெரியவர்களுக்கு மட்டும். அடுப்பிலிருந்து இறக்கிய சட்டியை ஆட்டம் காணாத மேசையில், சுவரோரம் தள்ளி வையுங்கள். கொதி அடங்கும்வரை ஐந்து நிமிடம் பொறுங்கள். மடியில் வேண்டாம், கட்டிலில் வேண்டாம். முகத்தை ஒரு முழம் தள்ளியே வைத்து, கண்ணை மூடி, ஐந்து நிமிடம் மூச்சிழுத்தால் போதும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆவியும் தைலமும் சேர்ந்து மூச்சிறைப்பைக் கிளப்பிவிடக்கூடும். பிள்ளைகளுக்கு வேது வேண்டவே வேண்டாம்.

ஆவியைவிட உப்புத் தண்ணீர்தான் நமக்குப் பிடித்த வைத்தியம். செலவில்லை, சூடில்லை. யோகாசனம் பயின்றவர்கள் ஜலநேத்தி என்று சொல்வது இதைத்தான். செய்முறையைக் கவனமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அரை லிட்டர் நீரை நன்றாகக் கொதிக்க வையுங்கள். தளதளவென்று ஒரு நிமிடமாவது கொதிக்க வேண்டும். மூடி ஆறவிட்டு, வெதுவெதுப்பாக இருக்கும்போது மட்டமாக ஒரு தேக்கரண்டி பொடியுப்புப் போட்டுக் கரையுங்கள். சோடா உப்பு இருந்தால் ஒரு சிட்டிகை சேர்க்கலாம், எரிச்சல் குறையும். உப்பு அதிகமானாலும் எரியும், குறைந்தாலும் எரியும். கண்ணீரின் உப்பு எவ்வளவோ அவ்வளவு இருந்தால் மூக்கு ஏற்றுக்கொள்ளும். மருந்துக்கடையில் விற்கும் ஊசியில்லாத பெரிய சிரிஞ்சியோ, மூக்குள்ள சிறு கெண்டியோ இருந்தால் போதும். கழுவும் தொட்டியின் மேல் முன்பக்கமாகக் குனிந்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து, வாயால் மூச்சு விட்டுக்கொண்டு, மேல்பக்கத்து நாசியில் மெதுவாக விடுங்கள். மறு நாசி வழியே வழியும். பிறகு மெல்லச் சிந்துங்கள். பலங்கொண்ட மட்டும் சிந்தினால் சளி காதுக்கும் அறைகளுக்கும் பின்னேறும். நாளுக்கு ஒருமுறை, அடைப்பு மிகுந்தால் இருமுறை. மீந்த நீரை மறுநாளைக்கு வைக்க வேண்டாம். பாத்திரத்தைக் கழுவிக் காயவையுங்கள்.

நீரைக் கொதிக்க வைக்கத்தான் வேண்டுமா, குழாய் நீர் சுத்தந்தானே என்று கேட்பீர்கள். குடிக்கும் நீர் வேறு, மூக்கில் ஏற்றும் நீர் வேறு. நன்னீரில் வாழும் நெக்லேரியா என்னும் ஓர் அமீபா இருக்கிறது. விழுங்கினால் அது ஒன்றும் செய்யாது. மூக்கின் மேற்பகுதிக்கு ஏறிவிட்டால் அங்கிருந்து மூளைக்குப் போய்விடும். பிறகு உயிர் பிழைப்பது அரிது. 2011-இல் அமெரிக்காவின் லூயிசியானா மாநிலத்தில் கொதிக்க வைக்காத குழாய் நீரால் மூக்கைக் கழுவிய இருவர் இப்படி இறந்தார்கள். 2024-இல் கேரளத்தில் குளத்திலும் ஆற்றிலும் குளித்த பிள்ளைகள் அமீபா மூளைக்காய்ச்சலால் மாண்டதைச் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். தோட்டங்களில் தொட்டி நீரையும் கிணற்று நீரையும் பயன்படுத்தும் வீடுகள் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறோம். கொதித்து ஆறிய நீர், அவ்வளவுதான்.

கைக்குழந்தைக்கு மூக்கடைத்தால் பால் குடிக்க முடியாமல் அழும். அதற்கு மருந்துக்கடையில் விற்கும் உப்புத் தண்ணீர்ச் சொட்டு மருந்து இரண்டு துளி, பால் கொடுப்பதற்குச் சற்று முன் விட்டால் போதும்.

இனி அடுப்படிக்கு வருவோம். சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றையும் தட்டிப்போட்ட கஷாயம், சுக்குக் காப்பி, இஞ்சி தட்டிப்போட்ட தேத்தண்ணீர், நண்டு ரசம், கோழி ரசம். இவை சளியைக் கொல்வதில்லை. ஆனால் சூடான நீர்மம் உள்ளே போகப் போகச் சளி இளகும். 1978-இல் அமெரிக்காவில் மயாமி நகரத்து டாக்டர்கள், பதினைந்து பேரை வைத்து, பச்சைத் தண்ணீர், வெந்நீர், சூடான கோழிச் சாறு மூன்றையும் கொடுத்து மூக்குச் சளி நகரும் வேகத்தை அளந்து பார்த்தார்கள். வெந்நீரும் கோழிச் சாறும் வேகத்தைக் கூட்டின. பச்சைத் தண்ணீர் குறைத்தது. நம் பாட்டிமாரிடம் கேட்டிருந்தால் அளக்காமலே சொல்லியிருப்பார்கள். ஆனாலும் அளந்து சொன்னதற்கு ஒரு மதிப்பு இருக்கத்தான் செய்கிறது. மிளகு மூக்கை ஒழுகவைக்கும். அது அடைப்புக்கு நல்லதே. வயிற்றுப்புண் உள்ளவர்கள் காரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். கஷாயத்தில் தேன் கலந்தால் ஒரு வயது ஆகாத குழந்தைக்கு அதைக் கொடுக்கலாகாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி அந்த வயதில் கைகால்களைத் தளரவைத்துவிடும்.

பினாங்குக்கென்றே ஒரு மருந்து உண்டு. ஜாதிக்காய்த் தைலம். மொலுக்கஸ் தீவுகளிலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியார் 1800-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜாதிக்காய்க் கன்றுகளையும் கிராம்புக் கன்றுகளையும் கொண்டுவந்து இந்தத் தீவில் நட்டார்கள். 1860 வாக்கில் நோய் கண்டு தோட்டங்கள் அழிந்தன. ஆனாலும் மிச்சம் வைத்த மரங்கள் பாலிக் புலாவ் மலைச்சரிவில் இன்றும் காய்க்கின்றன. சௌராஸ்தா மார்க்கெட்டுக்குப் போனால் ஜாதிக்காய் ஊறுகாயும் ஜாதிக்காய்த் தைலமும் வரிசை வரிசையாய் வைத்திருப்பார்கள். நெற்றிப் பொட்டில் ஒரு துளி தடவினால் இதமாக இருக்கும். கோடாலித் தைலம், புலித் தைலம் எல்லாம் அப்படியே. இவற்றில் பலவற்றிலும் இருக்கும் மென்தால், மூக்கைத் திறப்பதில்லை. மூக்கின் குளிர்ச்சி நரம்பைத் தொட்டு, திறந்துவிட்டதுபோல நமக்கு ஓர் உணர்ச்சியைத் தருகிறது. தூக்கம் வர அது போதுமானால் தடவிக்கொள்ளுங்கள், தவறில்லை.

தடவுவதோடு நில்லுங்கள். எந்தத் தைலத்தையும் உள்ளுக்குக் கொடுக்காதீர்கள். ஜாதிக்காயும் அளவு மீறினால் நஞ்சு. மயக்கமும் படபடப்பும் பிதற்றலும் உண்டாகும். கற்பூரம் கலந்த எண்ணெய் ஒரு தேக்கரண்டி போதும், சின்னப் பிள்ளைக்கு வலிப்பு வந்துவிடும். இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் கற்பூரமும் மென்தாலும் உள்ள தைலத்தை மூக்கருகே தடவவே வேண்டாம். தைலப் போத்தலைச் சாமி மாடத்திலோ தலைமாட்டிலோ வைக்கும் வழக்கத்தையும் விடுங்கள். பிள்ளை கைக்கு எட்டும்.

இதோடு சேர்த்து ஒன்று. நம் நாட்டு அரசு மருத்துவமனைகளில் பிறக்கும் குழந்தைகளுக்கு ஜி-6-பி-டி என்னும் பரிசோதனை செய்கிறார்கள். அது குறைவாக இருக்கும் பிள்ளைகளின் இரத்தச் சிவப்பணுக்கள் சில பொருள்களால் உடைந்துபோகும், பிள்ளை மஞ்சளாகிவிடும். துணிப்பெட்டியில் போடும் அந்துருண்டை அதில் முதன்மையானது. தைலங்களையும் தவிர்க்கச் சொல்கிறார்கள். உங்கள் பிள்ளைக்கு ஜி-6-பி-டி குறைவு என்று அட்டையில் எழுதியிருந்தால், பாட்டியிடமும் பிள்ளை பார்த்துக்கொள்ளும் அக்காளிடமும் அதைச் சொல்லிவையுங்கள்.

சுக்கைச் சந்தனக் கல்லில் உரசி நெற்றியில் பற்றுப் போடுவதும், நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய நீர்க்கோவை மாத்திரையை உரசிப் போடுவதும் பெரியவர்களுக்குச் சரிதான். மெல்லியதாகப் போடுங்கள். கனமாகப் போட்டு இரவெல்லாம் விட்டுவிட்டு, காலையில் தோல் கன்றி வருபவர்கள் உண்டு. ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவில் மார்க்கெட் ஸ்திரீட் பக்கத்து நாட்டு மருந்துக் கடைகளில் இவை கிடைக்கும். சீட்டோ பெயரோ இல்லாத பொட்டலத் தூளை உள்ளுக்குச் சாப்பிட வாங்காதீர்கள்.

கைக்குழந்தையின் மூக்கில் விளக்கெண்ணெயோ தேங்காயெண்ணெயோ விடும் வழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. இதைக் கண்டுதான் டாக்டர்கள் அஞ்சுகிறார்கள். எண்ணெய் மூச்சுக்குழாய் வழியே நுரையீரலுக்குள் இறங்கிவிடும். தண்ணீர் போனால் இருமல் தள்ளிவிடும்; எண்ணெய் வழுக்கி இறங்குவதால் இருமலும் வராது. உள்ளே தங்கி நிமோனியாவாகும். அதுபோலவே, தலைக்கு ஊற்றிய குழந்தையைச் சாம்பிராணிப் புகையில் காட்டுவது, பெரியவர்கள் மஞ்சள் கொம்பைச் சுட்டு மூக்கில் புகை பிடிப்பது. புகை எதுவாயினும் மூக்குச் சவ்வுக்கு எரிச்சல். அடைத்த மூக்கை மேலும் வீங்கவைக்கும். குழந்தையின் தலையைத் துண்டால் துவட்டினால் காய்ந்துவிடுமே!

கடையில் விற்கும் மூக்குச் சொட்டு மருந்துகளைப் பற்றியும் சொல்லவேண்டும். சவ்வைச் சுருக்கும் மருந்துகள் போட்ட ஐந்து நிமிடத்தில் மூக்கைத் திறந்துவிடும். அந்தச் சுகத்துக்குப் பழகி, வாரக்கணக்கில் போடுகிறவர்களை நாம் அறிவோம். ஐந்து நாளுக்குமேல் போட்டால் மருந்து தீரத்தீர முன்னைவிட அதிகமாக அடைக்கும். பிறகு மருந்துக்காக மருந்து என்றாகிவிடும். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் கேட்காமல் போடக்கூடாது. ஒவ்வாமையால் ஆண்டு முழுவதும் அடைப்புள்ளவர்களுக்கு டாக்டர் எழுதிக்கொடுக்கும் வேறு வகை மருந்து உண்டு. அது தினமும் போடத்தக்கது, ஆனால் பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம் ஆகும். மூன்றாம் நாளே பலனில்லை என்று தூக்கி எறிந்துவிடுகிறோம்.

இனி, எப்போது வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டுக் கிளினிக்குக்குப் போகவேண்டும்? பத்து நாளாகியும் குறையாவிட்டால். நன்றாகிக்கொண்டு வந்தது திடீரென்று காய்ச்சலோடு திரும்பினால். கடுங்காய்ச்சலும் முகவலியும் மூன்று நான்கு நாள் நீடித்தால். கண்ணைச் சுற்றி வீங்கினால், பொருள் இரண்டிரண்டாகத் தெரிந்தால், கழுத்து விறைத்தால், தலைவலி பொறுக்க முடியாமல் வாந்தி வந்தால், அன்றைக்கே, அந்த நேரத்திலேயே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். சைனஸ் அறைக்கும் கண்ணுக்கும் நடுவே உள்ள எலும்பு காகிதம்போல மெல்லியது. மூளையும் தூரத்தில் இல்லை. ஒரே பக்கம் விடாத அடைப்பு, சளியில் இரத்தம், கழுத்தில் கட்டி என்று வந்தால் மூக்குக்குப் பின்புறத்துப் புற்றுநோயா என்று பார்த்தே ஆகவேண்டும். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு ரிங்கிட். அதற்குப் போகும் பஸ் காசுதான் பெரிது என்பதும் நமக்குத் தெரியும்.

சர்க்கரை வியாதிக்காரர்கள் இன்னும் கவனமாக இருக்கவேண்டும். 2019-ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வில் மலேசியாவில் வயதுவந்தோரில் நூற்றுக்குப் பதினெட்டுப் பேருக்கு மேல் சர்க்கரை வியாதி இருப்பதாகத் தெரிந்தது. எல்லா இனத்தாரிலும் இந்தியர்களிடையே அது அதிகம். 2021-இல் கோவிட் வந்து தேறிய சர்க்கரை நோயாளிகள் பல ஆயிரம் பேரை இந்தியாவில் கறுப்புப் பூஞ்சை பிடித்ததல்லவா? அந்தப் பூஞ்சை முதலில் இறங்குவது இதே மூக்கறைகளில்தான். சர்க்கரை கூடிய நிலையில் ஒரு பக்க முகம் வீங்கி, மரத்துப்போய், மூக்கிலிருந்து கருமையாக வந்தால் சுக்குப் பற்றுப் போட்டு ஒரு நாளைக்கூட வீணாக்கலாகாது.

ஒரு காரியத்தைக் கடைசியாக வைத்திருக்கிறோம். நம் குடும்பங்களில் பலருடைய மூக்கைக் கெடுப்பது நீரும் அன்று, குளிரும் அன்று, வேலையும் காற்றுந்தான். விறகடுப்புப் புகை, இரப்பர் புகைக்கூடம், பால் ஸ்டோரில் அமோனியாவும் பாலை உறையவைக்கும் ஃபார்மிக் அமிலமும். காடுகள் எரியும் ஆண்டுகளில் சுமத்திராவிலிருந்து வரும் புகைமூட்டம். 1997-இல், 2015-இல், 2019-இல் வந்ததை நாம் மறக்கவில்லை. 2019 செப்டம்பரில் பினாங்கிலும் பள்ளிகளை மூடினார்கள். காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு நூறைத் தாண்டினால் ஆரோக்கியமற்றது, முந்நூறைத் தாண்டினால் ஆபத்தானது. அந்நாள்களில் வீட்டுக்கு வந்தவுடன் உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவுவது நல்லது.

மருந்து அடிக்கும் பெண்களைப் பற்றித்தான் நமக்குப் பெருங்கவலை. களைக்கொல்லித் தொட்டியை முதுகில் சுமந்து நிரை நிரையாக அடித்துக்கொண்டு போகும் தாய்மார்களில் பலருக்கு மூக்கு எரிகிறது, இரத்தம் வடிகிறது, நகம் கறுத்து உரிகிறது. "சைனஸ் இருக்கிறது" என்று சொல்லி வேது பிடித்துக்கொண்டு மறுநாள் அதே வேலைக்குப் போகிறார்கள். தோட்டத்து டிரெசரும் சில சமயம் வலி மாத்திரை இரண்டைக் கொடுத்து அனுப்பிவிடுகிறார். 2002-இல் ஐரின் பெர்னாண்டஸ் நடத்திய தெனாகானித்தா அமைப்பும், பினாங்கைத் தலைமையிடமாகக் கொண்ட பூச்சிக்கொல்லி நடவடிக்கை இயக்கமும் சேர்ந்து, தோட்டங்களில் மருந்து அடிக்கும் பெண்களிடம் கேட்டறிந்தவற்றை ஒரு நூலாக வெளியிட்டன. அவர்கள் சொன்ன தொல்லைகளில் மூக்கில் இரத்தம் வடிவதும் ஒன்று. அவ்வாண்டே பாராக்குவாட் என்னும் களைக்கொல்லியைத் தடை செய்வதாக அரசாங்கம் அறிவித்தது. 2006-இல் தடையைத் தளர்த்தியது. முடிவில் 2020 ஜனவரி முதல் நாள்தான் முழுத்தடை வந்தது. இடைப்பட்ட பதினேழு ஆண்டுகளில் எத்தனை பேர் வேது பிடித்தே காலத்தைக் கழித்தார்களோ!

பாராக்குவாட் போயிற்று, மருந்தடிப்பு நின்றுவிடவில்லை. வேறு களைக்கொல்லிகள் இருக்கின்றன. ஈரத் துணியை முகத்தில் கட்டிக்கொண்டால் காப்பு என்று நினைக்காதீர்கள். தெறித்த மருந்தை அந்தத் துணியே உறிஞ்சி மூக்கோடு மூக்காக வைத்துக்கொண்டிருக்கும். மருந்துக்கேற்ற முகமூடி, கையுறை, காலணி தருவது முதலாளியின் கடமை. 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்புச் சுகாதாரச் சட்டப்படி, அதற்காகத் தொழிலாளியின் சம்பளத்தில் காசு பிடிக்கவும் கூடாது. வேலையால் வந்த நோய் என்று டாக்டர் எழுதினால் சொக்சோவில் மனுச் செய்யலாம்.

ஆகவே, மருந்து அடிக்கும் நாள்களில் மூக்கெரிச்சலோ இரத்தமோ வந்து, வேலையில்லாத நாள்களில் குறைகிறதா என்று ஒரு வாரம் கவனித்துப் பாருங்கள். எந்தெந்த நாள் அடித்தீர்கள், எந்தெந்த நாள் வந்தது என்பதைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையிடம் சொல்லிக் காலண்டரில் குறிக்கச் செய்யுங்கள். கிளினிக்குக்குப் போகும்போது அந்தக் காலண்டர்த் தாளையும், மருந்து டின்னில் ஒட்டியிருக்கும் பெயர்ச்சீட்டைக் கைபேசியில் எடுத்த படத்தையும் கொண்டுபோங்கள். "சைனஸ்" என்று நீங்களே சொல்லிவிடாமல், என்ன வேலை செய்கிறீர்கள் என்பதை முதலில் டாக்டரிடம் சொல்லுங்கள்.